கரவாஜ்ஜோ: ராயபுரம் ஓவிய வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறேன். முன்பு சினிமா பேனர் வரைந்தவன். ப்ளெக்ஸ் வந்த பிறகு வாத்தியார் ஆனேன். கொட்டகைச் சுவரில் பெரிய பிரிண்ட் ஒன்று ஒட்டியிருக்கிறேன். ஒரு கிழவரைத் தலைகீழாகச் சிலுவையில் ஏற்றுகிறார்கள். மாடிக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

யார் சார் வரைந்தது?

மிக்கேலாஞ்சலோ மெரிசி என்ற இத்தாலிக்காரர். 1571இல் மிலானில் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் கரவாஜ்ஜோ. தூத்துக்குடிக்காரர், தூத்துக்குடிக்காரர் என்று கூப்பிட்டே ஒருவரின் நிஜப் பெயர் மறந்துபோகுமே, அந்த மாதிரி ஊர்ப் பெயரே இவருக்கு நிலைத்துவிட்டது. ரோமில் தேவாலயக் கூரையில் படம் வரைந்த புகழ்பெற்ற மிக்கேலாஞ்சலோ வேறு ஆள். அவர் 1564லேயே காலமாகிவிட்டார்.

ஆறு வயதில் பிளேக் நோய்க்கு அப்பாவையும் தாத்தாவையும் பறிகொடுத்தார். 1584இல் மிலானில் ஓர் ஓவியரிடம் நான்கு வருட ஒப்பந்தத்தில் தொழில் கற்கச் சேர்த்தார்கள். 1590களில் ரோமுக்குப் போனார். 1610இல் செத்துப்போனார். அப்போது வயது 38.

இத்தாலிக்காரர் படம் ராயபுரத்தில் எதற்கு?

படத்தில் இருக்கிற கிழவர் நம்ம ஊர்க்காரர் மாதிரிதான். அவர் புனித பேதுரு. பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேதுருவை ராயப்பர் என்று சொல்வார்கள். ராயப்பர் கோயிலை வைத்துத்தான் ராயபுரம் என்ற பெயரே வந்தது. இங்கே படகுத் தொழில் செய்தவர்கள் எழுப்பிய கோயில் அது. ராயப்பரும் வலை போட்டுப் பிழைத்தவர்தான். காசிமேட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவைப்படுவதில்லை.

அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் கிட்டே போய்ப் பாருங்கள். மூன்று கூலியாட்கள் சிலுவையைத் தூக்குகிறார்கள். ஒருவன் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிறான். ஒருவன் கிழவரின் கால் பக்கத்தைப் பிடித்திருக்கிறான். மூன்றாமவன் சிலுவைக்கு அடியில் குந்தி, முதுகால் முட்டுக்கொடுக்கிறான். அவனுடைய பின்புறமும் கறுத்த உள்ளங்காலும்தான் நமக்குத் தெரிகின்றன. மூவரில் இருவருக்கு முகமே கிடையாது.

அதில் கொடுமைக்காரன் என்று யாரும் இல்லை. பல்லைக் கடித்து வெறியோடு சிரிக்கும் ஆளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பாரம் அதிகம், மரம் நழுவுகிறது, சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கவலை. விசைப்படகைக் கரையேற்றும்போது முதுகு கொடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே முதுகு. நடுவில் அந்தக் கிழவர். தொய்ந்த மார்பு, வழுக்கைத் தலை. ஆணி அடித்த கையைப் பார்த்தபடி எழுந்திருக்கப் பார்க்கிறார். ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாகத் தனக்குத் தகுதியில்லை, தலைகீழாக அறையுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதாக மரபு. படத்தில் தேவதை இல்லை, வானத்தில் ஒளிவட்டம் இல்லை. கனம் மட்டும் இருக்கிறது.

1600இல் பேசி 1601இல் முடித்த வேலை. ரோமில் சாந்தா மரியா தெல் பொப்போலோ என்ற கோயிலில் இன்றும் அதே சுவரில் இருக்கிறது. எதிர்ச் சுவரில் குதிரையிலிருந்து விழுந்து கிடக்கும் பவுல். அதுவும் இவர் கைவண்ணம்தான். இரண்டுக்கும் சேர்த்து 400 ஸ்குடி (அந்தக் காலத்து ரோம் நாணயம்) என்று பேசினார்கள், கடைசியில் கொடுத்தது 300. பேசின காசில் பிடித்தம் செய்வது அன்றைக்கே இருந்திருக்கிறது.

சாமி படத்தில் அழுக்குக் கால் எதற்கு? அபசாரம் இல்லையா?

அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டார்கள். லொரேத்தோ மாதா படத்தில் ஓர் ஏழைக் கிழவியும் ஓர் ஆளும் மாதாவின் வாசலில் மண்டியிட்டிருப்பார்கள். அந்த ஆளின் அழுக்குப் பாதம் பார்க்கிறவர் முகத்துக்கு நேரே நீளும். நடந்தே வந்த யாத்திரிகன் கால் வேறு எப்படி இருக்கும்? வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போய் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

புனித மத்தேயு நற்செய்தி எழுதுவது போல ஒரு படம் கேட்டார்கள். எழுதப் படிக்கத் திணறுகிற குடியானவனைப் போல மத்தேயு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, தேவதூதன் அவர் கையைப் பிடித்து எழுத வைப்பதாக வரைந்து கொடுத்தார். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு பணக்காரர் அதை வாங்கிக்கொண்டார். கைமாறிக் கைமாறி பெர்லின் போய்ச் சேர்ந்த அந்தப் படம் 1945இல் போரில் அழிந்தது. கறுப்பு வெள்ளை போட்டோ மட்டும் மிச்சம்.

மாதாவின் மரணம் கதை இன்னும் பெரியது. செத்துக் கிடக்கும் மாதா நிஜமாகவே செத்த பெண்ணாக இருக்கிறாள். வீங்கிய உடல், வெளியே நீண்ட வெறுங்கால், பக்கத்தில் தாழ்வான நாற்காலியில் குனிந்து அழும் ஒரு பெண், கீழே செம்புப் பாத்திரம். எந்தக் கோயிலுக்காக வரைந்தாரோ அந்தக் கோயிலின் மடத்துச் சாமியார்களே வாங்க மறுத்தார்கள். ஒரு தாசியை மாதிரியாக உட்கார வைத்து வரைந்தார் என்று அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள். மறுக்கப்பட்ட அந்தப் படத்தை மாந்துவா பிரபுவிடம் வாங்கச் சொன்னவர் ரூபன்ஸ் என்ற ஓவியர். இன்று அது பாரிஸ் லூவரில் இருக்கிறது.

எனக்கு அது அபசாரமாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் சாவு விழுந்தால் கூடத்தில் இறக்கிப் போட்டிருக்கும் உடம்பு அப்படித்தான் இருக்கும். சுற்றி நிற்கும் ஆம்பளைகள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதும் அப்படியே.

தோமையார் படமும் வரைந்தாராமே?

ஆமாம். சாந்தோம், பரங்கிமலை என்று நம்ம நகரம் முழுக்கச் சொந்தம் கொண்டாடும் அதே தோமையார்தான். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்க்கிறார். அந்தக் கையை இயேசுவே பிடித்து உள்ளே விடுகிறார். தோமையாரின் தோள்பட்டையில் தையல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். அசல் படம் ஜெர்மனியில் போட்ஸ்டாமில் இருக்கிறது.

டோல்கேட் படம் என்று பிள்ளைகள் சொல்வது எது?

அது என்னால் வந்த வினை. மத்தேயு வரி வசூலிப்பவர். சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த அவரை இயேசு, என் பின்னே வா என்று கூப்பிட்டதாக பைபிள் சொல்கிறது. 'சுங்கச்சாவடின்னா நம்ம டோல்கேட்டுதான்' என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

மேசையைச் சுற்றி ஐந்து பேர், மேசைமேல் காசு. வலது பக்கம் இருட்டில் இயேசு கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலிருந்து வெளிச்சம் சாய்வாக அறைக்குள் விழுகிறது. தாடிக்காரர் ஒருவர் 'நானா?' என்பது போல விரல் நீட்டுகிறார். தன்னைக் காட்டுகிறாரா, பக்கத்தில் தலை குனிந்து காசையே பார்க்கும் பையனைக் காட்டுகிறாரா? மத்தேயு யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பெரும்பாலோர் தாடிக்காரர் என்கிறார்கள். என் கட்சி அந்தப் பையன். இன்னும் தலை நிமிரவில்லை, அடுத்த நொடி நிமிர்வான்.

ஸ்கெட்ச் போடாமலே வரைந்தாராமே? என் பையன் அதைச் சொல்லி பென்சிலைத் தொட மாட்டேன் என்கிறான்.

அவர் கையால் போட்ட ஸ்கெட்ச் என்று ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆளை எதிரே நிறுத்தி, நேரே கித்தானில் வரைந்தார். ஆனால் அவர் படங்களைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ஈரப் பூச்சின் மேல் கூர்முனையால் இழுத்த கோடுகள். தலை இங்கே, முழங்கை இங்கே, கத்தி இங்கே என்று குறித்து வைத்திருக்கிறார். பேனர் கட்டும்போது நாங்கள் நூலில் நீலம் தடவித் துணியில் சுண்டிக் கட்டம் போடுவோமே, அந்த வேலையை அவர் கீறலில் முடித்துக்கொண்டார். தவிர, நான்கு வருடம் வாத்தியார் வீட்டில் கற்ற கை அது. பையனைப் பென்சில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அந்த இருட்டை எப்படிக் கொண்டுவந்தார்?

பேனரில் நாங்கள் வெள்ளைத் துணியில் ஆரம்பித்து நிழலைச் சேர்த்துக்கொண்டே போவோம். இவர் தலைகீழ். முதலில் கித்தான் முழுக்கப் பழுப்புப் பூச்சு. அதன்மேல் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் வரைகிறார். நிழலில் பல இடங்களில் அடிப்பூச்சையே விட்டுவிடுகிறார். இருட்டு முன்பே இருக்கிறது, ஆட்கள் அதிலிருந்து வெளியே வருகிறார்கள்.

இது புரிய மியூசியம் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு போங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் ஒற்றை பல்பு தொங்கும். கூடைக்காரம்மா குனியும்போது வளையல் மின்னும், மூக்குத்தி மின்னும், வஞ்சிரத்தின் வயிறு வெள்ளித் தகடாகத் தெரியும். விலை கேட்கும் ஆளின் நீட்டிய கை மட்டும் வெளிச்சத்தில் இருக்கும், ஆள் இருட்டில் இருப்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து டோல்கேட் படத்தைப் பாருங்கள்.

அவர் மேலேயிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று வாடகை வீட்டுக் கூரையிலேயே பாதியைத் திறந்துகொள்ள ஒப்பந்தத்தில் அனுமதி வாங்கியிருந்தார். பிறகு ஆறு மாத வாடகை பாக்கி. வீட்டுக்கார அம்மா கூரைச் செலவையும் சேர்த்துக் கேட்டு, சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டார். இவர் ராத்திரி போய் அந்த அம்மா வீட்டு ஜன்னலில் கல் எறிந்தார். 1605இல் அதற்கும் வழக்கு.

கொலை செய்தவராமே?

செய்தார். 1606 மே 28, ரோமில் பந்தாட்டக் களம் ஒன்றின் பக்கத்தில், ரனுச்சோ தொமாசோனி என்பவரை வாளால் குத்தினார். தொடையில் குத்துப்பட்டு ரத்தம் நிற்காமல் அவர் செத்துப்போனார். பந்தயக் காசு என்பார்கள், பெண் விவகாரம் என்பார்கள், பழைய பகை என்பார்கள். யார் கண்டாலும் கொல்லலாம் என்று தண்டனை அறிவித்தார்கள். தலையில் காயத்தோடு ஊரைவிட்டு ஓடியவர், ரோமுக்குத் திரும்பவே இல்லை.

அதற்கு முன்னாலும் போலீஸ் ஏட்டில் அவர் பெயர் அடிக்கடி வரும். காவலர்கள் மேல் கல் எறிந்தது, அனுமதி இல்லாமல் வாள் வைத்திருந்தது, இன்னொரு ஓவியரைக் கேலி செய்து பாட்டு எழுதியதாக 1603இல் அவதூறு வழக்கு. எல்லாவற்றிலும் எனக்கு மறக்காதது 1604 ஏப்ரல் மாதக் கூனைப்பூ வழக்குதான். கூனைப்பூ என்பது முழுசாக வேகவைத்துத் தின்னும் ஒரு பூமொட்டு. உணவு விடுதியில் எட்டு கேட்டார். நான்கு வெண்ணெயில், நான்கு எண்ணெயில் வந்தது. எது வெண்ணெய், எது எண்ணெய் என்று கேட்டார். மோந்து பாருங்களேன், தெரியும் என்றாராம் பரிமாறிய பையன். தட்டு அவன் கன்னத்தில் போய் விழுந்தது. அதோடு விடாமல் பக்கத்திலிருந்தவரின் வாளை எடுக்கவும் போனார் என்று அந்தப் பையன் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது மட்டும் பையன்கள் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். 'நம்ம ஏரியா ஆளு சார்' என்பார்கள். எனக்கு அங்கேதான் எரியும். வடசென்னை என்றாலே அரிவாள் என்று படம் எடுத்து எடுத்து, கத்தி வைத்திருப்பவனைப் பார்த்தால்தான் நம் பிள்ளைகளுக்கே நம்ம ஆள் என்று தோன்றுகிறது. அந்தப் பரிமாறுகிற பையன் யார் ஏரியா? என் வகுப்பில் இரண்டு பேரின் அண்ணன்கள் பிரியாணிக் கடையில் அந்த வேலைதான் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோபம் இருந்ததால்தானே அப்படி வரைய முடிந்தது?

இல்லை என்பதுதான் என் எண்ணம். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

கரெல் வான் மாண்டர் என்ற டச்சுக்காரர் 1604இல், கரவாஜ்ஜோ உயிரோடு இருக்கும்போதே எழுதியிருக்கிறார்: இரண்டு வாரம் வேலை செய்வார், அப்புறம் இடுப்பில் வாளும் பின்னால் ஒரு வேலைக்காரனுமாக ஒன்றிரண்டு மாதம் பந்தாட்டக் களம் களமாகச் சண்டை தேடித் திரிவார். கவனியுங்கள். சண்டை போட்ட நாட்களில் படம் இல்லை. பழக்கூடை ஒன்று வரைந்திருக்கிறார். ஆப்பிளில் புழுத் துளை, திராட்சை இலையில் வாட்டம், ஓரம் சுருண்ட இலை. புழுத் துளையை வரைய எவ்வளவு பொறுமை வேண்டும்? கையில் நடுக்கம் இருந்தால் அது வராது.

என் குருநாதர் இருந்தார். நாற்பது அடி பேனரில், ஏணியில் நின்றபடி, கிட்டேயிருந்து பார்த்தால் ஒன்றுமே புரியாத அளவு பெரிய கண்ணை ஒரே இழுப்பில் போடுவார். தெருவுக்கு எதிர்ப்புறம் போய்ப் பார்த்தால் அந்தக் கண் நம்மைப் பார்க்கும். அதே கையால் டர்பன்டைன் டின்னை என்மேல் வீசினார். புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கிறது. கூலியை வாங்கிக் குடித்துவிட்டு, பொங்கலுக்கு எங்களை வெறுங்கையோடு அனுப்பிய வருடமும் உண்டு. திறமை இருந்தால் திமிர் இருக்கத்தான் செய்யும் என்று எங்கள் அம்மாக்களே சமாதானம் சொன்னார்கள். ஆனால் பட்டறையில் இருந்த எங்களுக்குத் தெரியும்: நல்ல முகங்கள் எல்லாம் அவர் குடிக்காத காலையில் வந்தவை. குடித்த நாளில் வரைந்ததை நாங்கள்தான் ராத்திரி உட்கார்ந்து திருத்துவோம்.

அவர் செத்தபோது அழுதேன். அவர் சொல்லிக்கொடுத்த கண்ணைத்தான் இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். டின் வீசியதை மன்னிக்கவில்லை. இரண்டும் எனக்குள்ளேயே இருக்கின்றன, கரவாஜ்ஜோவுக்கு மட்டும் ஒரே கணக்கில் எப்படி எழுதுவது?

ஏழைகளை வரைந்தவர் ஏழைகள் பக்கம் நின்றவர்தானே?

நின்றாரா என்று கேட்டால் சங்கடம்தான். அவருக்குப் பிரபு ஆக ஆசை. விலை உயர்ந்த வெல்வெட் துணியில்தான் உடை தைத்துக்கொள்வார். போட்ட உடுப்பு கந்தலாகும்வரை மாற்ற மாட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். இடுப்பில் வாள் கட்டியதும் அந்த ஆசையில்தான். 1607இல் மால்டா தீவுக்குப் போய், அடுத்த வருடம் ஜூலையில் அங்கிருந்த கிறிஸ்தவ வீரர் சபையில் பட்டமே வாங்கிவிட்டார்.

அங்கே வரைந்த ஸ்நாபக யோவானின் சிரச்சேதம்தான் அவர் படங்களிலேயே பெரியது, ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். வாள் வேலையை முடிக்காததால் கொலையாளி இடுப்புக்குப் பின்னாலிருந்து கத்தியை எடுக்கிறான். ஜன்னல் கம்பி வழியே இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். தரையில் வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார், 'சகோதரர்' என்ற புதுப் பட்டத்தின் முதலெழுத்தோடு. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே படம் அது. பட்டம் ஐந்து மாதம்கூட நிலைக்கவில்லை. அடிதடியில் சிக்கிச் சிறைக்குப் போனார், கோட்டையிலிருந்து தப்பினார். அந்தப் படம் மாட்டியிருந்த கூடத்திலேயே சபை கூடி, அழுகிய உறுப்பு என்று சொல்லி அவரை விலக்கியது.

கடைசியில் என்ன ஆனார்?

சிசிலியில் ஊர் ஊராக ஓடிக்கொண்டே வரைந்தார். 1609இல் நேப்பிள்ஸில் ஒரு சாராயக் கடை வாசலில் மடக்கி முகத்தைச் சிதைத்தார்கள். மறுவருடம், மன்னிப்புக் கிடைக்கும் என்று படங்களை ஏற்றிக்கொண்டு படகில் ரோமை நோக்கிக் கிளம்பினார். வழியில் பிடித்து வைத்தார்கள், படகு சாமானோடு போய்விட்டது. 1610 ஜூலையில் போர்த்தோ எர்கோலே என்ற கடற்கரை ஊரில் இறந்தார்.

ரோமில் போர்கேசே காட்சியகத்தில் பைபிளில் வரும் இளைஞன் தாவீது, தான் வீழ்த்திய ராட்சதன் கோலியாத்தின் வெட்டிய தலையைப் பிடித்திருக்கும் படம் இருக்கிறது. அந்தத் தலை கரவாஜ்ஜோவின் முகம். தாவீது ஜெயித்தவன் போல இல்லை. இரக்கமும் அருவருப்பும் கலந்து அந்தத் தலையைப் பார்க்கிறான்.

அவ்வளவு பெரிய ஆளை நாங்கள் கேள்விப்படவே இல்லையே?

ஐரோப்பாவிலேயே முந்நூறு வருடம் போல மறந்துதான் கிடந்தார். 1951இல் மிலானில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் ஜனங்கள் திரண்டார்கள். அயர்லாந்தில் சேசு சபைக் குருக்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வேறொருவர் பெயரில் மாட்டியிருந்த படம் இவருடையது என்று 1990களில்தான் தெரிந்தது. பலெர்மோவில் 1969இல் திருடு போன கிறிஸ்து பிறப்புப் படம் இன்னும் கிடைக்கவில்லை.

அசலைப் பார்க்க நிறையச் செலவாகுமா?

விமான டிக்கெட்டுக்கு ஆகும். ரோமில் டோல்கேட் படம் இருக்கும் கோயிலில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் பெட்டியில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மறுபடி இருட்டு.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு பல்பு மட்டும் போடுங்கள், தலைக்கு மேல், ஒரு பக்கமாக. கறுப்பு அல்லது பழுப்புச் சார்ட், வெள்ளைச் சாக்பீஸ். வீட்டில் யாருடைய காலையாவது வரையுங்கள். வெளிச்சம் படும் இடம் மட்டும். இருட்டைத் தொடவே கூடாது.

போன மாதம் ஒரு பையன் அவன் அப்பா காலை வரைந்து எடுத்து வந்தான். வலை பின்னிக்கொண்டே தூங்கிவிட்டிருக்கிறார். கட்டை விரல் நகத்தில் பாதி இல்லை. குதிகாலில் வெடிப்பு, அதில் உப்பு காய்ந்த வெள்ளைக் கோட்டைக்கூடச் சாக்பீஸ் முனையால் பிடித்திருந்தான். படத்தைச் சுவரில் ராயப்பருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சாயங்காலம் மகனைக் கூட்டிப்போக வந்தவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தாழ்ந்த குரலில், 'சொல்லியிருந்தா காலைக் கழுவியிருப்பேனேடா' என்றார்.